ரோல் முடிக்க எடுத்த படம்

ஹைருன் பீவியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடமே சொன்னபோது சிரித்தாள். "என்னத்த எழுதுவிய டீச்சர்? நான் என்ன கலெக்டரா?" என்றாள். கலெக்டரைப் பற்றி எழுத ஆள் உண்டு. தென்காசியில் ஒருத்தி முப்பது வருடம் காத்துக் கிடந்ததைப் பற்றி எழுத யாரும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? நான் ஒண்ணும் களவாங்கலையே. என் பேரையே போடுங்க." போட்டாயிற்று.

என் பெயர் பெர்சிஸ். பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹைருனும் நானும் முதலில் ஊருக்குள் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். பிறகு அவள் வீட்டுக்காரர் ஹபீபுல்லா அண்ணாச்சி ஊருக்கு வெளியே குத்துக்கல்வலசையில் மனை வாங்கி வீடு கட்டினார். பக்கத்து மனையை எங்களுக்குச் சொல்லி வாங்க வைத்தது ஹைருன்தான். அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசிலுக்கு அடங்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் தெரியவேண்டிய ஒன்று மட்டும் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போன வருடம் ஆடி மாதம்தான் தெரிந்தது.

அண்ணாச்சி சவுதியில் தம்மாம் நகரத்தில் ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். எண்பத்தாறில் போனவர் இரண்டாயிரத்துப் பதினேழில்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற நேரமாகப் பார்த்து லீவில் வருவார். இரண்டு மாதம் இருப்பார். மூத்தவன் ஆசிக்கும் இளையவள் சமீனாவும் அந்த இரண்டு மாதத்தை வைத்துத்தான் வாப்பாவின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஹைருன், படுக்கையில் விழுந்த மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டும்போது கொத்தனாரோடு சண்டை போட்டு, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தம்மாமுக்குப் போய்ப் புருஷனோடு ஒரு வீட்டில் இருக்கவேண்டும். ஒரு வருடம் இருந்தால்கூடப் போதும் என்பாள். சமீனா பிறந்து ஆறு மாதம் ஆனபோது அண்ணாச்சியே கடிதத்தில் எழுதியிருந்தார், பேப்பர் எல்லாம் அனுப்பு, ஃபேமிலி விசாவுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று. அதற்காக அவள் பட்ட பாடு! பாஸ்போர்ட் எடுத்தாள். ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவின் நகல் வாங்கினாள். அதில் முத்திரை வாங்கக் கைப்பிள்ளையோடு அவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பன்னிரண்டு காப்பி போட்டாள். அதில் ஒன்றுகூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. "கூடக் குறைய கேட்டான்னா?" என்று பன்னிரண்டையும் வைத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் தபாலை யார் நம்பினார்கள்? ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஆள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். வழியில் யாரும் பிரிக்காமல் இருக்க வெள்ளைத் துணியில் பொதிந்து நாலு பக்கமும் தைத்து, மேலே மார்க்கர் பேனாவால் விலாசம் எழுதுவார்கள். ஹைருனிடம் அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. ஆசிக்கின் யூனிஃபார்ம் டவுசருக்கு வாங்கிய பச்சை நூலை எடுத்து நெருக்கி நெருக்கித் தைத்தாள். இங்கிலீஷில் விலாசம் எழுதிக் கொடுத்தது நான். பக்கத்துத் தெரு முகம்மது இஸ்மாயில் அதைக் கொண்டுபோய் அண்ணாச்சி கையிலேயே கொடுத்தார்.

அடுத்த லீவில் வந்த அண்ணாச்சி, "பேப்பர் குடுத்திருக்கேன், கம்பெனில கையெழுத்துப் போட இழுத்தடிக்கான்" என்றார். அதற்கடுத்த லீவில், "திருப்பி விட்டுட்டான், மறுபடி குடுத்திருக்கேன்." மூன்றாவது லீவில், "மூணாவது வாட்டியும் குடுத்தேன், திருப்பிட்டான். சட்டத்தையே மாத்திட்டான் ஹைருன். இனிமே நமக்கு நசீபு இல்ல." இதற்கிடையில் அவள் அந்த விசாவுக்காகத் திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தாள். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதி வந்தாள். மூன்றாவது தடவை இல்லை என்றானதும் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மாமியாருக்குக் கஞ்சி வைத்தாள். "அவுகளும் என்ன செய்வாவ டீச்சர், மூணு வாட்டி குடுத்துப் பாத்தாவ" என்று அவருக்காக என்னிடமே பரிந்து பேசினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் பெண்பிள்ளைகளிடம் பொறுமைக்கு உதாரணமாக அவளைத்தான் சொல்வேன். இப்போது நினைத்தால் எனக்கே என் வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனி ஒரு பெட்டி விஷயம். ஆசிக் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். போன வருடம் லீவில் வந்தபோது ஒரு ஃபிலிம் ஸ்கேனர் கொண்டுவந்தான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு சின்னத் திரை, பக்கத்தில் ஒரு சந்து. நெகட்டிவைப் பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்து அந்தச் சந்தில் தள்ளினால், செம்மஞ்சள் நிறத்தில் பேய் மாதிரி தெரிகிற முகமெல்லாம் ஒரு நொடியில் நிஜ முகமாகத் திரையில் வந்துவிடும். பட்டனை அமுக்கினால் கார்டில் பதிந்துவிடும். வாப்பா சேர்த்து வைத்த நெகட்டிவை எல்லாம் போடுங்கள், கெட்டுப்போவதற்குள் காப்பாற்றிவிடலாம் என்று உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹைருனுக்கு அந்த வேலை அவ்வளவு சீக்கிரம் கைவந்தது. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பாள், நடுவில் விரல் படவிடமாட்டாள். ரப்பர் பல்பால் ஊதித் தூசி தட்டுவாள். எந்தப் பக்கம் மினுங்குகிறது, எந்தப் பக்கம் மங்கல் என்று தடவாமலே சொல்வாள். பிறகு தெருவில் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு நெகட்டிவையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் அவளுக்கு, அண்ணி முறை வைத்து, 'நெகட்டிவ் மைனி' என்றே பெயர் விழுந்துவிட்டது. எங்கள் சர்ச் சுற்றுலாவில் எடுத்த ஸ்லைடுகள் என்னிடம் ஒரு பெட்டி இருந்தன. அதை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். "ஒங்க வீட்டுக்காரரு அப்பம் நல்லாத்தான் இருந்திருக்காரு" என்று கேலி வேறு.

அந்த ஆடி மாதம் சமீனா பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மாப்பிள்ளை இத்ரீஸ் தோஹாவில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். அலைந்து திரிந்து அவளுக்கும் ஐந்து வயது மகள் ஹஃப்சாவுக்கும் விசா எடுத்துவிட்டான். அந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் செல்லும். வாசுதேவநல்லூரில் இருக்கும் மாமியார், "என்னைய யாரு பாப்பா?" என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு முட்டுவலி தவிர ஒன்றும் இல்லை, சொந்த மகளும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். சமீனா என்ன செய்வதென்று தெரியாமல் பெற்றவர்களிடம் கேட்க வந்திருந்தாள்.

அண்ணாச்சி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாமியார விட்டுட்டுப் போறது அழகாட்டி? ஒங்க உம்மா இருக்கலியா? எனக்கு விசா கெடைக்கலன்னு ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாளா?" ஹைருனும் மகள் தலையைத் தடவி, "கொஞ்ச நாள் சபூரா, பொறுமையா இரும்மா. எனக்கு நசீபு இல்ல, நான் இருக்கலியா" என்றாள். சமீனா விசாப் பேப்பரை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இத்ரீஸுக்குப் பதில் சொல்லவேண்டும்.

புதன்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். அண்ணாச்சி டவுனுக்குப் போயிருந்தார். சமீனா மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். ஹைருன் அண்ணாச்சியின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். படங்களைக் கழுவி அதில் நல்லதைப் பொறுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நெகட்டிவை மட்டும் அந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தார் மனுஷன். ஒரேயடியாக ஊருக்கு வரும்போது அதையும் கொண்டுவந்தவர், இப்போது "எல்லாத்தையும் போடு" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சிக்கு ஒரு குணம் உண்டு. ஃபிலிமில் ஒரு கட்டத்தையும் வீணாக்கமாட்டார். லீவு முடிந்து கிளம்பும்போது ரோலில் நாலைந்து மிச்சம் இருந்தால் அப்படியே கேமராவோடு கொண்டுபோய்விடுவார். அங்கே ரூமில் எதையாவது சுட்டு ரோலை முடித்து, அங்கேயே கழுவக் கொடுப்பார். அதனால் அவருடைய ரோல்கள் எல்லாம் ஐந்தருவியில் தொடங்கித் தம்மாமில் முடியும். அப்படி முடிக்க எடுத்த படங்களை யார் பிரிண்ட் போடப்போகிறார்கள்? நெகட்டிவில் மட்டும் கிடக்கும்.

ஸ்கேனரை டிவியோடு கேபிளில் இணைத்திருந்தாள், எனக்குச் சின்னத் திரையில் கண் தெரியாது என்பதற்காக. ஆறு படம் உள்ள ஒரு துண்டைத் தள்ளினாள்.

முதல் படம் ஐந்தருவி. சமீனா ஈரத் தலையோடு சிரிக்கிறாள், முன்பல் இரண்டும் இல்லை. "ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது. ஏழு வயசு" என்றாள் ஹைருன். இரண்டாவதில் ஹைருன் படிக்கட்டில் உட்கார்ந்து சேலையைப் பிழிகிறாள். எவ்வளவு அழகு! மூன்றாவதில் ஆசிக் கை நிறைய மங்குஸ்தான் பழம். நான்காவது தம்மாம் ரூம், சுவரோரமாக ஒரு இரும்புக் கட்டில். "பாத்தியளா, ஒத்தக் கட்டிலு. பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' இன்னும் என் காதில் கிடக்கிறது.

ஐந்தாவது படம் ஒரு மேசை. மேசைமேல் டீ கிளாஸ், ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் காற்று கட்டிலுக்கு எட்டவில்லை போலிருக்கிறது, அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளையாக, செங்கல் அளவில் ஒரு பொதி.

ஹைருன் பட்டனை அமுக்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். நானும் போனேன். பொதியின் ஓரம் முழுக்கப் பச்சை நூல். நெருக்கி நெருக்கிப் போட்ட தையல், நாலு மூலையிலும் பெருக்கல் குறி மாதிரி முடிச்சு. எங்கேயும் ஒரு இழை அறுக்கப்படவில்லை. பக்கவாட்டில் நீல மார்க்கரில் விலாசம். தபால் பெட்டி எண்ணில் இரண்டு ஏழு. ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பது என் பழக்கம். இரண்டு ஏழிலும் கோடு இருந்தது.

என் கையெழுத்தை நானே எப்படி இல்லையென்று சொல்வது?

"டீச்சர், சமீனா கைப்பிள்ளையா இருக்கும்போதுதான நாம இத அனுப்புனோம்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இதுல அவளுக்கு ஏழு வயசு."

நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் தள்ளிவிடவும் இல்லை, சாயவும் இல்லை. பிரிக்கவே இல்லை. மூன்று தடவை கொடுத்த பேப்பர், மூன்று தடவை திருப்பிய பேப்பர், அத்தனையும் பச்சை நூலுக்குள் பத்திரமாக ஃபேனைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. வேறொரு பெண்பிள்ளை சகவாசம் என்றால்கூட வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருப்பேன். இதற்கு என்ன வசவு இருக்கிறது?

ஹைருன் பட்டனை அமுக்கிப் படத்தைப் பதிந்தாள். ஆறாவது படத்தையும் தள்ளினாள். கண்ணாடிக்கு முன்னால் கேமராவோடு நிற்கிற அண்ணாச்சி, நாற்பது வயது, மீசையைச் சீவி விட்டுக்கொண்டு. அதையும் பதிந்தாள். "போயிட்டு சாயங்காலமா வாங்க டீச்சர். நான் சோறு வடிக்கணும்" என்றாள்.

நான் போகவில்லை. போவதாவது! சமையலறையில் அவளுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பு. ஹைருன் எப்போதும்போல நடுத்துண்டை அவருக்கு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் மகளிடம், "மாப்பிள்ளைக்குப் போன் போட்டியாட்டி? வரலன்னு சொல்லிரு. பொம்பளைக்குப் பொறும வேணும். ஒங்க உம்மாவப் பாத்துப் படி" என்றார்.

ஹைருன் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். அந்த மேசையும் ஃபேனும் திரை அகலத்துக்கு வந்து நின்றன.

"இது நம்ம ரூமுல்லா" என்றார் அண்ணாச்சி சந்தோஷமாக. "இந்த ஃபேனு பத்து வருசம் ஓடுச்சு."

"ஃபேனுக்கு அடியில என்ன?" என்று கேட்டாள்.

அவர் பார்த்தார். சோற்றைப் பிசைந்த கை நின்றது. "ஏதோ பார்சலு. இஸ்மாயிலுக்குள்ளதா இருக்கும்."

"டீச்சர் எழுத்து. நான் தச்ச நூலு."

"அது..." என்றார். தண்ணீர் குடித்தார். "எத்தனையோ பார்சல் வந்துச்சு. எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"பச்ச நூலுல ஒண்ணுதான் அனுப்புனேன்."

சமீனா சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு அந்தப் பொதியின் கதை தெரியும். விசாவுக்காக உம்மா பட்ட பாட்டைக் கேட்டே வளர்ந்தவள் அவள். வாப்பாவைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், பிறகு வாப்பாவைப் பார்க்கவே இல்லை.

அண்ணாச்சி தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பம் எங்க உம்மா தனியா கெடந்தா. நீயும் வந்துட்டா அவள யாரு பாத்திருப்பா? நீயே சொல்லு. ஒன்னைய இங்கன இருன்னு சொன்னா நீ வருத்தப்படுவ. அதான் அப்படிச் சொன்னேன். எல்லாம் நல்லதுக்குத்தான."

"கேட்டிருந்தா இருந்திருப்பேனே" என்றாள் ஹைருன்.

அவளுடைய குரல் உயரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. உண்மைதான். உம்மாவைப் பார்க்க ஆள் இல்லை, நீ இங்கேயே இரு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவள் இருந்திருப்பாள். அழுதுகொண்டாவது இருந்திருப்பாள். நோன்பு பிடிக்க வைத்து, நேர்ந்துகொள்ள வைத்து, ஒவ்வொரு லீவுக்கும் நம்பிக்கையைக் கொடுத்துப் பிடுங்கியிருக்கவேண்டாம்.

"அது இப்பம் எங்க?" என்று கேட்டாள்.

"எது?"

"அந்தப் பொதி."

"ரூம் மாறும்போது... அங்கனயே விட்டுட்டேன்னு நெனைக்கேன். அதுல என்ன இருக்கு, வெறும் பேப்பர்தான."

"பேப்பர் மட்டுமா? என் போட்டோ பன்னெண்டு இருந்துச்சு" என்றாள் ஹைருன். "எனக்கு இருவத்தாறு வயசு. பேப்பர நீங்க குடுக்காண்டாம். ஏழு வருசம் பக்கத்துல கெடந்துச்சே, பொண்டாட்டி மூஞ்சி எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது பிரிச்சுப் பாக்கத் தோணலையா ஒங்களுக்கு?"

அண்ணாச்சி எழுந்தார். கையைக் கழுவப் போனவர் வெகு நேரம் குழாயடியிலேயே நின்றார்.

ஹைருன் சமீனாவின் ஹேண்ட்பேக்கிலிருந்து விசாப் பேப்பரை எடுத்து அவள் கையில் வைத்தாள். "நீ போம்மா. ஒங்க மாமியாட்ட நான் பேசுதேன். இந்தப் பேப்பர யார்ட்டயும் குடுத்து விடாத. நீயே கையில கொண்டு போ" என்றாள். மறுநாளே வாசுதேவநல்லூருக்கு அவள் பஸ் ஏறினாள், நானும் துணைக்குப் போனேன். அங்கே அவள் என்ன பேசினாள் என்பது வேறு கதை. முட்டுவலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்து, சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்த மாதம் இருபத்தேழாம் தேதி சமீனாவும் ஹஃப்சாவும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்கள். வழியனுப்ப வேனில் எல்லோரும் போனோம். கண்ணாடிக் கதவு வரைக்கும் போன ஹைருன் அங்கேயே நின்றுகொண்டாள். அவள் எத்தனையோ தடவை நின்ற இடம்தான் அது.

அண்ணாச்சி என் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். "நீங்க சொன்னா கேப்பா டீச்சர். சோறு போடுதா, துணி தொவைக்கா, ஒரு வார்த்த பேச மாட்டேங்கா. அந்தப் படத்தயாவது அழிக்கச் சொல்லுங்க" என்றார். அவருக்கு டீ கொடுத்தேன். "அவ எடுத்த படமா அண்ணாச்சி? நீங்க எடுத்ததுதான" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அழிப்பதாவது. அவள் அந்த ஐந்தாவது படத்தை டவுனில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து ஹாலில் மாட்டிவிட்டாள். அண்ணாச்சியின் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இருபத்தைந்து வருடப் பாராட்டுப் பத்திரம் அந்த ஆணியில்தான் தொங்கியது. அது இப்போது பீரோவுக்கு மேலே கிடக்கிறது. அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

ஹைருன் இன்னமும் தெருவுக்கெல்லாம் நெகட்டிவ் போட்டுக் கொடுக்கிறாள். ஒவ்வொரு துண்டையும் கடைசிக் கட்டம் வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள். போன வாரம் எங்கள் தெரு ஷமீம் பானு தன் கல்யாண நெகட்டிவைக் கொண்டு வந்திருந்தாள். நானும் இருந்தேன். சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, ஊர்ல இல்லாத அதிசயமா ஃபேன் படத்த மாட்டி வச்சிருக்கிய?" என்று சிரித்தாள்.

ஹைருன் ரப்பர் பல்பால் தூசி ஊதிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"அது ஃபேன் படம் இல்ல பானு. இருவத்தாறு வயசுல நான்."